திரும்பி வரும் டம்ளர்கள்

போன மாதம் கம்பம் ரோட்டில் புதிதாக ஒரு காபிக் கடை திறந்தார்கள். அண்ணன் தங்கை இருவர், படித்த பிள்ளைகள். எந்தப் பெரிய கம்பெனியின் கிளையும் இல்லை, சொந்தக் கடை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் உட்காரவைத்து, பெருமூச்சு விடுகிற ஒரு பெரிய மிஷினில் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். மேலே பால் நுரையிலேயே ஒரு இலை வரைந்திருந்தது. அம்மாடி! அந்த இலையைக் கலைக்காமல் எப்படிக் குடிப்பது என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் கேட்டாள்.

"எப்படி இருக்கும்மா? ஒளிக்காமச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எங்களுக்குத் திருப்தி."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காபிக் கடை நடத்தியே தலை நரைத்தவள் நான். ஆனால் அந்தக் காபி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சூடு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, அடிநாக்கில் கசப்பும் தெரிகிறது. வாசனை மட்டும் தெரியாது. கொரோனாவில் போன வாசனை எனக்குத் திரும்பி வரவே இல்லை. வாசனை இல்லாத காபி வெந்நீருக்கு அக்கா, அவ்வளவுதான்.

"செத்த இருங்க பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டு, மற்ற மேஜைகளிலிருந்து உள்ளே போகிற கோப்பைகளை எட்டி எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "காபி நல்லாருக்கு. பாலைத்தான் காச்சி ரொம்ப நேரம் வச்சிருக்கீக" என்றேன். அண்ணனும் தங்கையும் வாயைப் பிளந்தார்கள். குடிக்காமலே எப்படிச் சொன்னீர்கள் என்று ஒரே நச்சரிப்பு. உட்கார்ந்த இடத்தில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தாருங்கள் பிள்ளைகளா.

பண்ணைப்புரத்தில் பிறந்து, கல்யாணமாகி உத்தமபாளையத்துக்கு வந்தவள் நான். வீட்டுக்காரர் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ராவுத்தர் கடையில் டம்ளர் கழுவச் சேர்ந்தேன். கழுவினேன், பிறகு பால் காய்ச்சினேன், பிறகு டிகாஷன் போட்டேன், கடைசியில் கடையே என்னிடம் வந்தது. அதற்குள் பாதி ஆயுள் போய்விட்டது. அதையெல்லாம் விரித்துச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும்.

ராவுத்தரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. காபிக் கடையில் நின்று காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒரு சொட்டுக் கறை படாமல் வீட்டுக்குப் போன ஒரே மனிதர் அவர்தான். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. டிகாஷன் சரியில்லை என்றால் பாத்திரத்தைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி கல்லாவில் உட்கார்ந்துகொள்வார். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அந்த மௌனம் இருக்கிறதே, அதில் நாங்கள் வெலவெலத்துப் போவோம்.

ஃபில்டரில் பொடியைப் போட்டு லேசாகத் தட்டிச் சமன் செய்ய வேண்டும், அழுத்தக் கூடாது. முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் வெந்நீரைத் தெளித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பொடி உப்பி, மூச்சு விட்டு, அடங்கும். அதன்பிறகுதான் மிச்சத் தண்ணீர். போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது, ஆற்றுக் குழாய்த் தண்ணீர்தான். பால் ஒரு தரம்தான் பொங்கலாம். இதையெல்லாம் அவர் வாயால் சொல்லித்தந்ததில்லை. சரியாகச் செய்கிறவரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஜையிலிருந்து எடுத்த டம்ளர்களை வரும் வழியிலேயே வாளித் தண்ணீரில் முக்கிவிட்டேன். கூப்பிட்டார்.

"தாயி, டம்ளர அப்படியே உள்ள கொண்டு போகணும். சாச்சுப் பாக்கணும். அப்புறந்தான் தண்ணி."

"எதுக்கு மொதலாளி?"

"குடிச்சவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். நம்ம ஊர்க்காரனுக்கு வெக்கம். எப்படிருக்குன்னு கேட்டா நல்லாருக்கும்பான். மறுநாளு வேற கடைல நிப்பான். டம்ளருக்கு வெக்கம் கெடையாது."

அன்றிலிருந்து நான் டம்ளரைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு மடக்கு மிச்சம் இருந்து நுரை அப்படியே இருந்தால் பஸ் வந்துவிட்டது, காபியில் குற்றமில்லை. இரண்டு விரல் உயரம் மிச்சமென்றால் டிகாஷன் கசக்கிறது. விளிம்பில் ஆடை ஒட்டியிருந்தால் பால் காய்ந்து ரொம்ப நேரம் நின்றிருக்கிறது. அடியில் சர்க்கரை என்றால் ஆற்றினவன் சோம்பேறி. இவையெல்லாம் ராவுத்தர் சொன்னவை. நானாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. நிதானமாகக் குடித்தால் கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் வாய் வைத்து வைத்து எடுத்த இடங்களில் நுரை வளையம் வளையமாக நிற்கும். ஒரே மூச்சில் குடித்தால் வளையமே இராது. இதைச் சொன்னதும் ராவுத்தர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவரும் வளையம் பார்த்தார்.

நோன்பு மாதத்தில்தான் அந்த மனிதரின் முழு உயரமும் எனக்குத் தெரிந்தது. பகல் முழுக்க அவர் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாது. கடையை அடைக்கவும் மாட்டார். "நோன்பு எனக்குத்தானே, பஸ் பிடிக்க வர்றவுகளுக்கா?" என்பார். ஊரே காபி குடிக்கிற இடத்தில், வாசனை மூக்கைத் துளைக்கிற இடத்தில், உதடு காய்ந்து உட்கார்ந்திருப்பார். ருசி பார்க்க வழியில்லை. ஆனால் அந்த மாதத்தில் எங்கள் கடைக் காபி ஒரு நாள்கூடக் கெட்டதில்லை. வருகிற டம்ளரையெல்லாம் நான் சாய்த்துப் பார்த்துச் சொல்வேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார், "தண்ணி கூடிப்போச்சு" என்பார், சரியாக இருக்கும். நாக்கைக் கட்டிவைத்துவிட்டு ஒருவர் காபிக் கடை நடத்துவதைப் பார்த்தபோது எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

அவருக்கு மூட்டு வலி வந்து, மகன்களும் வெளிநாட்டில் தங்கிவிட்டபோது கடையை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் தொழுகை முடித்து வந்து, கல்லாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கடைசி பெஞ்சில் வாடிக்கையாளராக உட்கார்ந்தார். டம்ளரில் பாதியை மிச்சம் வைத்தார். நான் வேறு போட்டேன். அதிலும் கொஞ்சம் மிச்சம். மூன்றாவதைக் காலி செய்தார். முதலாளியாக இருந்தபோது இருந்ததைவிட வாடிக்கையாளராக ஆனபிறகு பெரிய தலைவலியாக இருந்தார் மனுசன்.

சொந்தக் கடை நடத்துவது என்ன பாடு என்று நீங்களும் இனிமேல் பார்ப்பீர்கள், பிள்ளைகளா. கோடையில் மாடு மேய்ச்சலில்லாமல் நின்றால் பால் மெலியும், டிகாஷனைக் கூட்ட வேண்டும். ராயப்பன்பட்டியிலிருந்து வருகிற சூசை வாத்தியாருக்குக் கசக்க வேண்டும், ஆனால் அதே காபி கோம்பையிலிருந்து வருகிற பெரியவருக்கு, எங்களுக்கு அவர் கோம்பைக்காரர், கசக்கக் கூடாது. பேச்சுத் துணைக்காக ஒரு காபியை வைத்துக்கொண்டு அரை நாள் உட்காருகிறவரை எழுப்பவும் கூடாது. பேக்கரிகள் பத்து வந்தன. பாக்கெட் பொடியைக் கலக்கிக் கொடுத்தன. நாங்கள் எங்கள் ஃபில்டரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களிடம் இருந்தது என் மூக்கு ஒன்றுதான். போடியிலிருந்து வறுத்த கொட்டை வந்து சாக்கைப் பிரித்ததும், நல்லதா இல்லையா என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன்.

அந்த மூக்குத்தான் போயிற்று. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, உடம்பு தேறியது. கடையைத் திரும்பத் திறந்த அன்று ஃபில்டரைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. சுவரை முகர்ந்த மாதிரி இருந்தது. இன்னும் நெருக்கமாகக் குனிந்தேன். பொடி மூக்கில் ஏறித் தும்மல் வந்ததே தவிர வாசனை வரவில்லை. அன்று பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. மூக்கில்லாதவள் காபிக் கடை நடத்துகிறாள் என்று ஊர் சொன்னால் அதன்பிறகு கடை ஏது?

ராவுத்தர் நோன்பில் நடத்தவில்லையா, நானும் டம்ளரைப் பார்த்தே நடத்திவிடுவேன் என்று துணிந்தேன். டம்ளர் கழுவுகிற பாண்டியம்மாவை, "கழுவாத, மொதல்ல எங்கிட்டக் காட்டு" என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். ஓடியது. நன்றாகவே ஓடியது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் என் முன்னாலேயே பால் அடிப்பிடித்துக் கருகியிருக்கிறது. நான் பாட்டுக்குப் பக்கத்தில் நின்று டம்ளர் துடைத்துக்கொண்டிருக்கிறேன். சூசை வாத்தியார்தான் எழுந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா? கடைய யார்கிட்டயாச்சும் விட்டுட்டுக் கொஞ்ச நாளு வீட்ல இருக்கலாம்ல?"

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே கத்தினேன். "என்னைக்கு இந்தக் கடை வாடிக்கைக்காரங்க டம்ளரு பாதியோட திரும்புதோ, அன்னைக்கு இந்தச் சாவியத் தூக்கி ஆத்துல போட்டுட்டுப் போயிருவேன். அதுவரைக்கும் எனக்கு யாரும் புத்தி சொல்ல வேணாம்!"

எல்லாரும் அவரவர் டம்ளருக்குள் குனிந்துகொண்டார்கள். ராவுத்தர் மட்டும் என்னையே பார்த்தார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பக்கத்துக் கடை முருகேசன் பூண்டு வியாபாரி. வடுகபட்டியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து விற்பவன். அவன் கடைத் தகரம் பிய்ந்து ஒழுக ஆரம்பித்தது. "அக்கா, ரெண்டு நாளைக்கு உங்க பின்கட்டுல மூட்டையப் போட்டுக்கிறேன்" என்றான். பாவம் என்று சரி சொன்னேன். காபித் தொழிலில் இருக்கிற எவளாவது செய்வாளா? மூக்கு இருந்திருந்தால் அவனை வாசற்படியிலேயே மறித்திருப்பேன். அவனுக்கோ பூண்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து அந்த வாடையே உறைக்காது. மூக்கில்லாத ஒருத்தியும் மூக்கு மரத்த ஒருத்தனும் சேர்ந்து, நனைந்த பூண்டு மூட்டைகளைக் காபிக் கொட்டைச் சாக்கின் மேலேயே அடுக்கிவைத்தோம். இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொண்டு போனான். நல்லபடியாகப் போயிற்று, ஒரு மனிதனுக்கு உதவி செய்தோம் என்று நானும் திருப்தியாக இருந்தேன்.

அதன்பிறகு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது! டம்ளர் ஒன்றுகூட மிச்சத்தோடு வரவில்லை. அத்தனையும் துடைத்து வைத்த மாதிரி காலி. இதுவரை ஒரு காபியோடு எழுந்துபோகிறவர்களெல்லாம் "இன்னொண்ணு போடுங்க" என்றார்கள். சூசை வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வாத்தியார்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோம்பைக்காரர் மாப்பிள்ளையைக் கூட்டிவந்தார். ராவுத்தர், அந்த மூன்றாவது டம்ளர் ராவுத்தர், முதல் டம்ளரையே காலி செய்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். நான் டம்ளர்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே ஒரு வளையம்கூட இல்லை. எல்லாரும் ஒரே மடக்கில் குடித்திருக்கிறார்கள். அவ்வளவு ருசி போலிருக்கிறது, நிறுத்தவே மனமில்லை என்று எனக்கு ஒரே பூரிப்பு. மூக்கு போனபிறகுதான் கை கூடி வந்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. கார்த்திகை பிறந்து, மாலை போட்ட சாமிகள் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போக ஆரம்பித்தார்கள். வேன் வந்து நின்றாலே கோம்பைக்காரர் எழுந்து ஓடிப்போய், "சாமி, அங்கன டீக்கடை இருக்கு, அங்கன போங்க, டீ நல்லாருக்கும்" என்று திருப்பிவிடுகிறார். "ஏன்யா, என் கடைல ஒக்காந்துக்கிட்டே எனக்கு வர்ற ஆள அங்கன அனுப்புறீகளே, நல்லாருக்கா?" என்று சண்டை போட்டேன். "அவுகளுக்குக் காபி ஆகாது ஆத்தா" என்றார். சாமிகளுக்குக் காபி ஆகாதாம்!

ஒரு நாள் காலையில் கோம்பைக்காரர் கை கழுவப் போன நேரத்தில் ஒரு வேன் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் நானே காபி ஆற்றிக் கொடுத்தேன். அவர்களில் மூத்த குருசாமி ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஏம்மா, இந்தப் பக்கமெல்லாம் காபில பூண்டு தட்டிப் போடுறது வழக்கமா? தப்பா நெனைக்காதீங்க. மாலை போட்டிருக்கோம், பூண்டு சேத்துக்கிறதில்ல. அதான்."

"பூண்டா?" என்றேன். மற்ற சாமிகளின் டம்ளர்களைப் பார்த்தேன். எல்லாம் முக்கால் டம்ளர். நான் திரும்பி நம் ஆட்கள் பக்கம் பார்த்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சூசை வாத்தியார் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பாண்டியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

எனக்கு அப்போதுதான் வளையமில்லாத டம்ளர் புரிந்தது. கஷாயத்தை எப்படிக் குடிப்போம்? மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில்தானே!

"எத்தன நாளா?" என்று கேட்டேன். "வாத்தியாரே, ஒங்களத்தான் கேக்குறேன்."

வாத்தியார் பேப்பரைக் கீழே இறக்கினார். "மழை பேஞ்சு முருகேசன் மூட்டை எடுத்துட்டுப் போனதுலருந்தும்மா. கொட்டைச் சாக்கு முழுக்க வாடை ஏறிருச்சு. பாண்டியம்மா சாக்க முகந்து பாத்துட்டு வந்து சொன்னா. என்ன செய்யிறதுன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

"என்னன்னு பேசிக்கிட்டீக?"

"சாக்கு தீர்ற வரைக்கும் குடிச்சுத் தீத்துருவோம்னு."

அந்த இரண்டாவது காபிகள், கூட்டிவந்த வாத்தியார்கள், மாப்பிள்ளை, எல்லாம் அதற்குத்தான். என் மூக்கு போனது ஊருக்கே தெரிந்திருக்கிறது. பால் கருகிய அன்றே தெரிந்திருக்கிறது. கோபத்தில் நான் கத்திய ஒரு வார்த்தைக்காக, நான் சாவியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, இத்தனை பேரும் வாய் திறக்காமல் பூண்டுக் காபியைக் குடித்திருக்கிறார்கள். நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். காபியில் ஒரு இம்மி பிசகினாலும் பொறுக்காத மனிதர் அங்கே இரண்டு காலி டம்ளர்களோடு உட்கார்ந்திருந்தார்.

"மொதலாளி, நீங்களுமா?"

ராவுத்தர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "இன்னும் கொஞ்சந்தான் தாயி இருந்துச்சு சாக்குல. அதுக்குள்ள சாமி வந்துட்டாக."

நான் அழுதேன். எல்லார் முன்னாலும் நின்று அழுதேன், வெட்கமே படவில்லை. எத்தனையோ வருடம் மனிதர்களுக்குக் காபி கொடுத்திருக்கிறேன். எனக்காக மனிதர்கள் இப்படி ஒன்றைச் செய்வார்கள் என்று கனவில்கூட நினைத்ததில்லை. இப்போது எழுதும்போதும் மலைப்பு அடங்கவில்லை. கோபமும் வந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ராவுத்தர் முன்னால் வைத்தேன்.

"டம்ளரும் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டா நான் எத வச்சுக் கடை நடத்துவேன்? மூக்கும் இல்ல, டம்ளரும் இல்ல. பாவம்னு நீங்க குடிச்சு நடக்குற கடை எனக்கு வேணாம் மொதலாளி."

அவர் சாவியைத் தொடவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அவ சொல்றது சரிதான். நாமதான் தப்புப் பண்ணிட்டோம்" என்றார். என்னிடம், "போடியிலருந்து புதுக் கொட்டை எறக்கு. காலைல வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி எழுந்து போனார். சாவி பெஞ்சிலேயே கிடந்தது. குருசாமியிடம் மன்னிப்புக் கேட்டு எல்லாருக்கும் சூடாக வெறும் பால் கொடுத்து அனுப்பினேன். மிச்சமிருந்த கொட்டையைக் குப்பையில் கொட்டிவிட்டு, பின்கட்டைக் கழுவிவிட்டோம். புதுச் சாக்குகள் வந்தன. அவற்றைத் தூரத்தில் தனியாக வைத்தோம்.

மறுநாள் விடிவதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். டிகாஷன் இறக்கி, முதல் டம்ளரை ராவுத்தருக்கு வைத்தேன். மற்றவர்களுக்கும் வைத்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"கசக்குது தாயி. போடிக்காரன் கொட்டைய ரொம்பக் கருக்கிட்டான். என்னால குடிக்க முடியாது."

சூசை வாத்தியார் என்னைப் பார்த்தார், ராவுத்தரைப் பார்த்தார், தன் டம்ளரையும் தள்ளி வைத்தார். "எனக்கும் கசக்குதும்மா" என்றார், கசப்புக் கேட்டுக் குடிக்கிற அவரே! கோம்பைக்காரர் வைத்தார். அப்புறம் ஒவ்வொருவராக. பெஞ்சு நெடுக, என் வாடிக்கைக்காரர்களின் டம்ளர்கள் பாதியோடு நின்றன. டம்ளர்கள் மறுபடியும் உண்மை சொல்ல ஆரம்பித்துவிட்டன; என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த டம்ளரையும் எடுத்ததில்லை. அத்தனையையும் சாக்கடையில் ஊற்றினேன். பாண்டியம்மாவிடம் வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு, பெஞ்சில் கிடந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே போய் அடுத்த சாக்கைப் பிரித்தேன்.